ஆளுவோருக்குரிய கனம் (கிறித்தவம்)

கிறித்தவர்கள் தம் நாட்டை ஆளுவோருக்குக் காட்ட வேண்டிய மரியாதை, கீழ்ப்படிதல், வரி, வேண்டுதல் ஆகியவற்றையும் அவற்றின் எல்லையையும் பற்றித் திருச்சபையில் முதல் நூற்றாண்டு தொட்டு வழங்கிவரும் போதனையும் நடைமுறையும். “அரசுக்கு அடங்கி நட” என்ற ஒரே கட்டளையாக இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. கீழ்ப்படிதலையும் கனத்தையும் தனித்தனியாகப் பார்த்ததுதான் இம்மரபின் தனித்தன்மை. கீழ்ப்படிதலுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டிய பிறகும் கனம் செலுத்தும் கடமை நீங்குவதில்லை. ஆகவே ஆணையை மறுக்கலாமா என்பதோடு, மறுப்பவர் எப்படி மறுக்க வேண்டும் என்பதும் இங்கே விவாதப் பொருளாகிறது.

விவிலிய அடிப்படை

கி.பி. 6இல் ரோம் யூதேயாவைத் தன் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்து குடிக்கணக்கு எடுத்தது. அதை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்தான். ராயனுக்கு (ரோமப் பேரரசனுக்கு) வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்கப்பட்டது அந்தக் காயம் ஆறாத காலத்தில். கொடு என்றால் மக்கள் பகை, கொடுக்காதே என்றால் ராஜதுரோகம். அவர் ஒரு தினார் காசை வாங்கி, அதில் இருக்கும் உருவம் யாருடையது என்று கேட்டு, ராயனுக்குரியதை ராயனுக்கும் கடவுளுக்குரியதைக் கடவுளுக்கும் கொடுக்கச் சொன்னார். எது எது யாருக்குரியது என்று பட்டியல் தரவில்லை. அதன் பிறகு வந்த விவாதமெல்லாம் அந்தப் பட்டியலைப் பற்றியதுதான்.

அதிகம் எடுத்தாளப்படும் பகுதி அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 13ஆம் அதிகாரம், முதல் 7 வசனங்கள். ஏறத்தாழ கி.பி. 57இல், நீரோ ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில், கொரிந்து நகரிலிருந்து எழுதப்பட்டது. அதிகாரம் கடவுளால் ஏற்படுத்தப்பட்டது, தீமையைத் தண்டிக்கவே அதன் கையில் வாள் இருக்கிறது, எனவே வரியும் தீர்வையும் அச்சமும் கனமும் அவரவர்க்குரியபடி செலுத்தப்பட வேண்டும் என்பது சாரம். வரி தண்டுவோரின் கொடுமை பற்றி 58இல் ரோமில் எழுந்த முறையீடுகளை ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் குறித்திருக்கிறார். பவுல் அரசியல் தத்துவம் எழுதவில்லை, வரி கட்டுவதா வேண்டாமா என்று தடுமாறிய ஒரு சிறு கூட்டத்துக்கு அறிவுரை சொன்னார் என்று கருதும் அறிஞர்கள் இதைச் சான்றாகக் காட்டுவர். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விவிலியத்தில் இன்றுள்ள அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. பழிவாங்காதே, பசித்த பகைவனுக்கு உணவு கொடு என்று 12ஆம் அதிகாரம் முடிகிறது. இடையில் கோடு போடாமல் படித்தால் 13இன் தொனியே மாறிவிடும்.

பேதுருவின் முதல் கடிதம் (2:17) இன்னும் நுட்பமானது. எல்லாருக்கும் செலுத்தச் சொல்லும் அதே கனத்தைத்தான் பேரரசனுக்கும் செலுத்தச் சொல்கிறது. அச்சத்தை மட்டும் கடவுளுக்கென்று ஒதுக்கிவைக்கிறது. அரியணையில் இருப்பவனுக்கும் சந்தையில் நிற்பவனுக்கும் ஒரே அளவு. இது ராஜபக்தி போலத் தெரிந்தாலும், பேரரசனைக் கடவுளாக வணங்கிய காலத்தில் அவனை மனிதரோடு மனிதனாக நிறுத்தியது.

நடைமுறை எப்படியிருந்தது என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகளே நல்ல பதிவு. போதிக்கக் கூடாது என்ற யூத ஆலோசனைச் சங்கத்தின் தடையைப் பேதுருவும் மற்றவர்களும் வெளிப்படையாக மறுத்து, கிடைத்த அடியை வாங்கிக்கொண்டனர். பிரதான ஆசாரியன் என்று அறியாமல் அனனியாவைக் கடிந்துகொண்ட பவுல், ஆள் இன்னார் எனத் தெரிந்ததும் மக்களின் தலைவனைத் தூற்றலாகாது என்ற சட்டத்தை ஒப்புக்கொண்டார். அதே பவுல், பிலிப்பி நகரில் விசாரணையின்றித் தம்மை அடித்துச் சிறைவைத்த அதிகாரிகள் இரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தபோது மறுத்து, அவர்களே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்றார். உரிமையைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மறுபுறம், வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரம் கடலிலிருந்து எழும் மிருகமாகக் காட்டுவதும் இதே ரோம ஆட்சியைத்தான் என்பது பெரும்பாலான உரையாசிரியர் கருத்து. கடவுள் ஏற்படுத்திய அதிகாரம், மிருகம் என்ற இரு சித்திரங்களும் ஒரே புதிய ஏற்பாட்டில் இருக்கின்றன.

ரோமப் பேரரசில்

ஏறத்தாழ 112இல் பித்தினியா–பொந்து மாகாண ஆளுநர் பிளினி, கிறித்தவர் எனக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பேரரசர் திராயானின் உருவத்தின் முன் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லிச் சோதித்தார். அவர்கள் செய்த குற்றமாக வேறெதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் நூற்றாண்டு ஸ்மிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பின் கதையில் ஒரு சிறு விவரம் வருகிறது. ராயன் பேரால் சத்தியம் செய்ய மறுத்த அவர், தம் நம்பிக்கையை ஆளுநருக்கு விளக்கத் தயாராக இருந்தார். அதிகாரத்துக்குரிய கனத்தைச் செலுத்தும்படி கற்பிக்கப்பட்டிருக்கிறோம் என்பது அவர் சொன்ன காரணம். கூச்சலிட்ட கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல மறுத்துவிட்டார். தம்மை எரிக்கப்போகும் அதிகாரிக்கும் பதவி மரியாதை குறையவில்லை.

180 ஜூலை 17 அன்று கார்த்தேஜில் ஆளுநர் சத்துர்நீனுஸ் முன் நிறுத்தப்பட்ட ஸ்கில்லியம் ஊரார் பன்னிருவரின் விசாரணைப் பதிவு லத்தீன் கிறித்தவ எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அவர்களுள் ஸ்பெராத்துஸ் தாம் திருடியதில்லை என்றும், வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி கட்டுவதாகவும் கூறினார். தொனாத்தா என்ற பெண், ராயனுக்கு ராயன் என்ற அளவில் கனம் தருவோம், அச்சம் கடவுளுக்கு மட்டுமே என்றாள். யோசிக்க 30 நாள் அவகாசம் தர ஆளுநர் முன்வந்தார். அவர்கள் வேண்டாம் என்றனர். பேதுருவின் கடிதத்துக்கு இதைவிடத் தெளிவான உரையை எந்த அறிஞரும் எழுதவில்லை எனலாம்.

ஆளுவோருக்காக வேண்டுவது இக்காலத்திலேயே வழிபாட்டின் பகுதியாகிவிட்டது. முதல் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, ரோம் நகர்க் கிளமெந்துவின் கடிதத்தின் இறுதிப் பகுதியில் அத்தகைய நீண்ட மன்றாட்டு ஒன்று வருகிறது. பேரரசரை வணங்க மாட்டோம், அவருக்காக வேண்டிக்கொள்வோம் என்பது தெர்த்துல்லியன் சுமார் 197இல் எழுதிய தற்காப்பு நூலின் வாதம்.

பேரரசர் கொன்ஸ்தந்தீன் காலத்துக்குப் பிறகு அரசரே கிறித்தவரானதால் கேள்வி தலைகீழாயிற்று. தெசலோனிக்கே நகரில் படைவீரர் நடத்திய படுகொலைக்காக 390இல் மிலான் ஆயர் அம்புரோசு, பேரரசர் தியோடோசியஸைத் தவம் செய்யும்வரை திருவிருந்தில் சேர்க்க மறுத்தார், பேரரசர் பணிந்தார். இடைக்காலம் முழுவதும் நீண்ட போப்பு–அரசர் பூசல் பெரும்பாலும் அதிகாரப் போட்டியே; இத்தலைப்புக்கு அதில் கொள்ளத்தக்கது குறைவு.

லூத்தரும் தொப்பி வழக்கும்

தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைச் சாக்சனிக் கோமகன் ஜார்ஜ் தடைசெய்து, பிரதிகளை ஒப்படைக்க ஆணையிட்டதை ஒட்டி, உலக அதிகாரத்துக்கு எவ்வளவு தூரம் கீழ்ப்படிவது என்பது பற்றி மார்ட்டின் லூத்தர் 1523இல் ஒரு நூல் எழுதினார். ஒரு பக்கத்தைக்கூடக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், ஆனால் அதிகாரிகள் வீடு புகுந்து எடுத்தால் கைகலக்க வேண்டாம் என்பது அவர் தந்த வழி. ஆன்மாவின் மேல் அரசனுக்கு ஆட்சி இல்லை, வீட்டின் மேலும் உடைமையின் மேலும் உண்டு என்ற பிரிவினை அதில் அடங்கியிருக்கிறது. இரண்டே ஆண்டுகளில், 1525 உழவர் கிளர்ச்சியை ஈவிரக்கமின்றி அடக்கும்படி பிரபுக்களை அவரே தூண்டி எழுதினார். ரோமர் 13ஐ ஆளுவோர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது நெடுங்காலம் எடுத்துக்காட்டாக நின்றது.

கனத்தின் வெளி அடையாளத்தையே மறுத்தவர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள். தொப்பியைக் கழற்றுவது கடவுளின் முன் செய்வது, எனவே நீதிபதிக்கும் அரசனுக்கும் கழற்ற மாட்டோம் என்றனர். 1670இல் வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரும் தொப்பியின்றி லண்டன் நீதிமன்றத்தில் நின்றபோது, நடுவர் ஆணைப்படி ஊழியர்கள் அவர்கள் தலையில் தொப்பியை வைத்தனர்; பிறகு தொப்பி அணிந்திருந்ததற்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதிகாரத்துக்கும் சில நேரம் வேடிக்கை பிடிக்கும் போலிருக்கிறது. குவேக்கர்கள் சத்தியம் செய்யவும் மறுத்தனர். அவர்களுக்காக 1696இல் நாடாளுமன்றம் உறுதிமொழி போதும் என்று சட்டம் செய்தது. இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் கடவுள் பேரால் ஆணையிடுதல், உளமார உறுதி கூறுதல் என இரு வாய்ப்புகள் இருப்பது இந்தச் சட்ட மரபின் வழி வந்தது.

இருபதாம் நூற்றாண்டு

இட்லரின் ஆட்சியை ரோமர் 13ஆல் நியாயப்படுத்தியவர்களுக்கு மறுமொழியாக 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடிய புராட்டஸ்டண்டு சபையினர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதன் ஐந்தாம் கூற்று பேதுருவின் முதல் கடிதம் 2:17ஐ முன்வைத்து, அரசின் பணி நீதியும் அமைதியும் காப்பது, மனித வாழ்வு முழுவதையும் தன் கைக்குள் கொள்வது அன்று என்றது. அறிக்கையை முதன்மையாக எழுதிய கார்ல் பார்ட், இட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து 1935இல் பான் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், அநீதியான சட்டத்தை மீறுபவர் ஒளிவின்றி, அன்போடு, தண்டனையை ஏற்கும் மனதோடு மீற வேண்டும், அதுவே சட்டத்துக்குக் காட்டும் உயர்ந்த மரியாதை என்று வாதிட்டார். தென்னாப்பிரிக்காவில் 1985இல் வெளிவந்த கைரோஸ் ஆவணம், நிறவெறி அரசு ரோமர் 13ஐப் பயன்படுத்திய முறையை ‘அரசு இறையியல்’ என்று பெயரிட்டுக் கண்டித்தது.

இந்தியாவில்

கிறித்தவர்களுக்கு எந்த அரசு தம் அரசு என்பதே இங்கு எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பி 1706இல் தரங்கம்பாடி வந்த மறைபணியாளர் சீகன்பால்குவை, அதே மன்னரின் கோட்டைத் தளபதி 1708–09இல் நான்கு மாதம் சிறையில் அடைத்தார். ஆங்கிலேயர் ஆண்டபோது ஆங்கிலிக்கன் ஆலயங்களில் பிரிட்டிஷ் மன்னருக்காக வேண்டினர். குடியரசான பின் அந்த இடத்தில் குடியரசுத் தலைவரும் அமைச்சர்களும் வந்தனர்.

1975 நெருக்கடிநிலையின்போது திருச்சபைத் தலைவர்கள் பலர் வாய் திறக்கவில்லை. மார்த்தோமா சபையின் பேராயர் யூஹானோன் மார்த்தோமா, நெருக்கடிநிலையை விலக்கும்படி பிரதமர் இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். ஆட்சியாளருக்கு நேரே எழுதி முறையிடும் பழைய வழி அது. இறையியலாளர் எம்.எம். தாமஸ் அக்காலத்தில் எழுதிய விமர்சனங்கள் பின்னர் நூலாயின. அவரே 1990இல் நாகாலாந்தின் ஆளுநரானார்.

கனத்துக்கும் கீழ்ப்படிதலுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை இந்தியச் சட்டம் நேராகத் தொட்டது ‘பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு’ வழக்கில். கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடப்படும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை. சட்டப்பேரவையில் இது கேள்வியாக எழுந்தது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. இருந்தும் 1985 ஜூலை 26 அன்று அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். கேரள உயர்நீதிமன்றம் தலையிடவில்லை. உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியும் நீதிபதி எம்.எம். தத்தும் 1986 ஆகஸ்ட் 11 அன்று அந்த நீக்கம் அரசியலமைப்பின் 19, 25ஆம் பிரிவுகளுக்கு முரண் எனத் தீர்ப்பளித்தனர். எழுந்து நிற்பதே மரியாதை, எல்லாரும் பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அதன் அடிப்படை.

யெகோவாவின் சாட்சிகளைப் பெரும்பாலான திருச்சபைகள் கிறித்தவ மரபுக்குள் சேர்ப்பதில்லை. திரித்துவத்தை அவர்கள் ஏற்பதில்லை என்பது காரணம். 1929 முதல் 1962 வரை, ரோமர் 13 சொல்லும் மேலான அதிகாரம் கடவுளும் கிறிஸ்துவுமே, அரசுகள் அல்ல என்று அவர்கள் போதித்தனர். 1962இல் அதைக் கைவிட்டு, அரசுகளையே அது குறிக்கிறது, ஆனால் அவற்றுக்குரிய கீழ்ப்படிதல் எல்லைக்குட்பட்டது என்ற விளக்கத்துக்குத் திரும்பினர். கிடங்கூர்ப் பிள்ளைகள் எழுந்து நின்றதும் வாய் மூடியிருந்ததும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன.

நிற்பதே மரியாதை என்ற அளவுகோல் பின்னரும் எழுந்தது. திரையரங்குகளில் தேசிய கீதத்தைக் கட்டாயம் இசைக்க வேண்டும் என்று 2016 நவம்பரில் பிறப்பித்த இடைக்கால ஆணையை உச்சநீதிமன்றம் 2018 ஜனவரி 9 அன்று மாற்றி, இசைப்பதா வேண்டாமா என்பதை அரங்குகளின் விருப்பத்துக்கு விட்டது. இசைத்தால் எழுந்து நிற்கும் மரியாதை தொடர வேண்டும் என்றது.