வெண்மணியில் பிழைத்தவர்கள்

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள் என்பது தஞ்சைப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பிழைத்தவர்கள் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அப்போது அது ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம். இன்று நாகை மாவட்டம், கீழ்வேளூர் பக்கம். கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடி சங்கத்தை விட மறுத்ததும்தான் தகராறு. ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். சிதறி ஓடிப் பிழைத்த ஆண்களில் சிலர் ஒரே இரவில் குடும்பத்தையே இழந்தார்கள்.

அந்த ஒரு இரவோடு நிற்கவில்லை விஷயம். சவுக்கடியும் சாணிப்பாலும் கீழத்தஞ்சைப் பண்ணைகளில் பல காலம் சாதாரண தண்டனை. 1940களில் பி. சீனிவாசராவ் சங்கம் கட்டி எதிர்த்தது இதைத்தான். சண்டை நடக்காத நாட்டில் நடந்த சித்திரவதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பி.டி.எஸ்.டி. என்ற பெயரை அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்ததே 1980ல்தான், அதுவும் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக. கெட்ட கனவு, திடுக்கிடல், நடந்ததை நினைவூட்டும் இடத்தைத் தவிர்ப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். ஆனால் வெண்மணிக்காரர் எதைத் தவிர்ப்பது? அதே தெரு, அதே வயல், அதே மிராசுதாரிடம் கூலி!

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரில் சிக்கிய தமிழர்களைப் பார்த்துவிட்டு, தனி ஆளின் நோயாக மட்டும் இதைப் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊருமே காயப்படுகின்றன என்று எழுதினார். வெண்மணிக்கு அப்படியே பொருந்துகிறது.

அதோடு தீர்ப்பு. 1970ல் நாகை நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டு சிறை கொடுத்தது. 1973ல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிபதிகளால் நம்ப முடியவில்லை. கண்ணால் பார்த்தவரிடம் 'நீ பார்க்கவில்லை' என்று சொல்வதற்கு இது சமம். இரண்டாவது காயம் என்று நான் சொல்வது இதைத்தான். (நாயுடு 1980ல் வெட்டிக் கொல்லப்பட்டார். அதனால் யாருக்காவது தூக்கம் வந்திருக்குமா?)

மருந்து போல ஏதாவது வந்தது என்றால் அது நிலம்தான். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அங்கேயே வந்து தங்கிப் போராடி நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். 1981ல் அதற்காகவே லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். கூலிக்கு நின்ற பெண்களின் பெயரிலேயே பட்டா வந்தது.