தேக்கின் வித்தும் சோலையின் வித்தும்

மலர்க்குழுவினர் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டபோது, ஒரு கல்வெட்டையோ கோயிலையோ பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். நான் விதையைப் பற்றி எழுத முற்பட்டதற்கு ஒரு மாணவியின் வினாவே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவியரை ஆனைமலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். குறிஞ்சித் திணையை வகுப்பறைச் சுவர்களுக்குள்ளேயே நடத்தி முடித்துவிடுவது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருந்து வந்தது. டாப்சிலிப்பில் ஹியூகோ வுட் என்னும் ஆங்கிலேய வன அலுவலரின் கல்லறை முன் நின்றோம். உடன் வந்த வழிகாட்டி, அங்கு வருவோர்க்கெல்லாம் சொல்லும் கதையைச் சொன்னார். வுட் துரை நடக்கப் புறப்படும்போது சட்டைப்பை நிறையத் தேக்கு விதை எடுத்துக்கொள்வாராம். வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியால் மண்ணில் குழியிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவாராம். இன்று காணும் தேக்கங்காடு அப்படி வந்ததுதானாம். எல்லாரும் நெகிழ்ந்து நின்றனர். ஒருத்தி மட்டும், "அதற்கு முன்னால் இங்கே என்ன மரம் அம்மா இருந்தது?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. வழிகாட்டியும் சிரித்து மழுப்பினார். அவ்வினாவின் பின்னே சென்றதில் நான் அறிந்துகொண்டவற்றை வட்டத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

தேக்கு நம் மலைகளுக்கு அயலான மரம் அன்று. எயினர் தம்மிடம் வருவோர்க்குத் தேக்கிலையில் உணவு குவித்து அளித்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. ஆங்கிலேயர் அம்மரத்துக்கு வழங்கும் பெயரும் நம் சொல்லே. மலையாளக் கரையில் கேட்ட 'தேக்கு' போர்த்துகீசியர் நாவில் 'தேக்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. சொல்லைத் தொடர்ந்து மரமும் கப்பலேறியது. இங்கிலாந்தின் ஓக் மரங்கள் கப்பற்படைக்குப் போதாமற்போன காலத்தில், பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில் வாடியா குடும்பத்துத் தச்சர்கள் மலபார்த் தேக்கால் போர்க்கப்பல்கள் கட்டிக்கொடுத்தனர். அவற்றுள் ஒன்று 1817-இல் நீரில் இறக்கப்பட்ட 'டிரிங்கோமலி'. திருகோணமலையின் பெயர் தாங்கிய அக்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. அதற்கு மரம் கொடுத்த காட்டைக் காண விரும்புவோர்க்குத்தான் வழியில்லை.

இத்தேவைக்காகவே 1806-இல் வாட்சன் என்னும் காவல்துறைக் கேப்டன் மலபார்க் காடுகளுக்குக் காவலராக அமர்த்தப்பட்டார். 'காவல்' என்பது இங்கே மரத்தை மற்றவர் வெட்டாமல் காத்துக் கும்பினியார் வெட்டிக்கொள்வதைக் குறித்தது. மக்களும் நிலவுடைமையாளரும் பெரிதும் வெறுத்த அப்பதவி, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ காலத்தில் 1823-இல் ஒழிக்கப்பட்டது. பதவி ஒழிந்ததேயன்றி வெட்டு ஒழியவில்லை. 1840-இல் கானலி மலபார் ஆட்சியராக வந்தபோது, ஆற்றோரமாக இழுத்துக் கொணரத்தக்க தேக்கு பெரும்பாலும் தீர்ந்திருந்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். வெட்டியதை ஈடு செய்ய நட்டாக வேண்டும், நெடுங்காலம் பலன் தராத அவ்வேலையைத் தனியார் எவரும் மேற்கொள்ளார், அரசே செய்ய வேண்டும் என்று கானலி எழுதினார். நிலம்பூரில் குத்தகைக்கு நிலம் பெறப்பட்டது. விதையும் விதைக்கப்பட்டது.

விதை முளைக்கவில்லை.

வரலாற்றின் இந்த இடமே என்னைப் பெரிதும் ஈர்த்தது. ஆட்சியர் ஆணையிட்டார், நிலம் கிடைத்தது, பணமும் வந்தது. ஆனால் ஒரு சிறு கொட்டை உடன்படவில்லை. தேக்கின் கனி கடினமானது. வெளியே கம்பளி போன்ற உறை, உள்ளே கல்லையொத்த ஓடு, அதனுள்ளே நான்கு அறைகள். அறைகளுள் ஒன்றிலோ இரண்டிலோதான் விதை இருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, காட்டுத்தீயின் வெம்மையும் தீண்டி, ஓடு நெகிழ்ந்த பின்னரே முளை வெளிவரும். முதல் ஆண்டுகளின் முயற்சிகள் பல வகையாகச் செய்யப்பட்டும் வீணாயின. 1844-இல் இப்பணி சாத்து மேனன் என்னும் உள்ளூர் அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. கொட்டையை ஊறவைத்துப் பருவமழைக்கு முன் பாத்தியில் இட்டு, நிழல் கொடுத்து, நாற்றானதும் மழையில் பிடுங்கி நடும் முறை நிலைபெற்றது. நம் உழவர் நெல்லுக்குச் செய்வதை ஒருவர் மரத்துக்குச் செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இருபது ஆண்டுக் காலத்தில் சாத்து மேனன் மேற்பார்வையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தேக்கு நடப்பட்டது. கானலி 1855-இல் கோழிக்கோட்டில் கொலையுண்டார். தோட்டம் அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் வெட்டியது போக எஞ்சிய 2.31 ஹெக்டேர், 'கானலித் தோட்டம்' என்று இன்றும் காக்கப்படுகிறது. சாத்து மேனனின் பெயரை வன வரலாறு படிப்போரே அறிவர். நாற்று நட்ட கைகளுக்குப் பெயரே இல்லை.

ஆனைமலையின் கதை இதன் தொடர்ச்சி. 1848 அளவில் பம்பாய்க் கப்பல் தளத்துக்கென்றே இம்மலையின் தேக்கு வெட்டப்படலாயிற்று. மலசரும் காடரும் வழிகாட்ட, யானைகள் இழுத்து வந்த மரங்கள் மேட்டின் விளிம்பிலிருந்து சரிவில் உருட்டிவிடப்பட்டன. டாப்சிலிப் என்னும் பெயர் அச்சறுக்கலால் வந்தது. கப்பலுக்குப் பின் இருப்புப்பாதைக்கும் மரம் வேண்டியிருந்தது. 1910-களின் நடுவில் ஹியூகோ வுட் இங்கு வந்தபோது, மலபாரில் கானலி கண்டதையே அவரும் கண்டார்.

வுட் செய்த பணியில் முதன்மையானது விதைப்பு அன்று. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை வேரோடு விட்டுவைத்து, அதிலிருந்து மறுதாம்பு கிளைக்கச் செய்து, மீண்டும் வெட்டுவதைப் பல்லாண்டு நிறுத்திவைக்கும் முறையையே அவர் வற்புறுத்தினார். கைத்தடிக் கதையை நான் பொய் என்று தள்ளவில்லை. நடந்து போகும் மனிதர் நாலு விதை போட்டிருக்கக்கூடும். ஆனால் பாத்தியில் பக்குவம் செய்து இட்ட தேக்கு விதையே பாதிகூட முளைப்பது அரிது என்றிருக்க, ஒரு காட்டையே கைத்தடி முளைப்பித்தது என்பதை நிலம்பூர் வரலாறு அறிந்த எவரும் ஏற்க இயலாது. வுட் 1933-இல் மறைந்தார். தம் மரங்களுக்கிடையே புதைக்கப்பட வேண்டுமென்று விரும்பியவாறே அடக்கம் செய்யப்பட்டார். நினைவுச் சின்னத்தைத் தேடுபவனைச் சுற்றிலும் பார்க்கச் சொல்லும் இலத்தீன் வாசகம் அக்கல்லறையில் உள்ளது. இலண்டன் பவுல் பேராலயத்தில், அதைக் கட்டிய கிறிஸ்டபர் ரென் கல்லறையிலும் அவ்வாசகமே பொறிக்கப்பட்டுள்ளது. அழகான வாசகம்தான். சுற்றிலும் பார்த்த என் மாணவிதான் அந்த வினாவைக் கேட்டாள்.

அவளுக்குரிய விடையின் முதற்பகுதி எளிது. டாப்சிலிப்பில் தேக்கு முன்பும் இருந்தது. ஆனால் தனியாக இல்லை. வேங்கை, மருது, ஈட்டி, மூங்கில் ஆகியவற்றுடன் கலந்து நின்றது. நட்ட காட்டில் தேக்கு மட்டும் வரிசையாக நிற்கிறது. விலை உடைய மரத்தின் விதைக்கு ஆள் இருந்தது. மற்றவற்றைத் தேடுவார் இல்லை.

விடையின் மறுபகுதி மலையில் இன்னும் உயரே இருக்கிறது. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறையை அடைந்தால், தேக்கு வளராத ஈரமலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கிருந்த மழைக்காடு காப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக அழிக்கப்பட்டது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள மேட்டுநிலத்தில், தேயிலைக் கடலுள் தீவுகள் போலச் சிறு சிறு காட்டுத் துண்டங்களே எஞ்சின. வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம், காட்டுச் சாதிக்காய் முதலியவை அத்துண்டங்களில் நிற்கும் மரங்கள். இவற்றின் விதைகள் தேக்கின் விதைக்கு நேர் எதிரான இயல்புடையவை. தேக்கு முளைக்க மறுத்தது. இவற்றுள் பலவோ காத்திருக்க மறுக்கின்றன.

விதை பற்றி நாமெல்லாம் கவிதை எழுதியிருக்கிறோம். நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளில் 'உறங்கும் விதை' எத்தனை முறை வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அது நெல்லையும் தினையையும் கண்டு பிறந்த உவமை. விதைக்கோட்டையில் கட்டிவைத்த நெல் அடுத்த பட்டம் வரை உறங்கும். வறண்ட நிலத்து மரங்களின் விதைகளும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை உறங்குவதில்லை. ஈரம் நிறைந்து, பருத்து, உதிரும்போதே முளைக்க முனைந்து நிற்கிறது. உலர்த்தினால் சாகும், குளிரூட்டினாலும் சாகும். 1973-இல் ராபர்ட்ஸ் என்னும் அறிவியலாளர் விதைகளை இரு வகையாகப் பிரித்து, உலர்த்தி வைக்கத்தக்கவற்றை மரபு வழுவாதவை என்றும் மற்றவற்றை முரண்டு பிடிப்பவை என்றும் பொருள்படும் சொற்களால் குறித்தார். நமக்கு அடங்கவில்லை என்பதற்காக விதையை முரடு என்றது மனித இயல்பு போலும்! உலகின் விதை வங்கிகள் விதையை உலர்த்தி, உறைநிலைக்கு இருபது பாகை கீழே வைத்துக் காப்பவை. அவற்றில் இவ்விதைகளுக்கு இடமில்லை. உலக மர இனங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் விதைகளை அவ்வாறு சேமிக்க இயலாது என்றும், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களில் அது 36 விழுக்காடு என்றும் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டனர்.

ஆகவே இவ்விதைகளுக்குக் களஞ்சியம் நிற்கும் மரமே. மரம் வீழ்ந்தால் அதன் விதை வேறெங்கும் இல்லை. மரம் நின்றாலும் போதாது. கருங்குங்கிலியத்தின் கனியை விழுங்கித் தொலைவில் கொண்டுபோய் உமிழ இருவாச்சி வேண்டும். இருவாச்சிக்குக் கூடு வைக்கப் பொந்துள்ள முதுமரம் வேண்டும். வெடிப்பலாவின் பூவையும் விதையையும் உண்ணும் சிங்கவால் குரங்குக்குக் கிளைவழி அறாத காடு வேண்டும். தேயிலைக்கு நடுவே துண்டுபட்ட காட்டில் இச்சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் ஆகிய ஆய்வாளர்கள் தேயிலைத் தோட்ட நிறுவனங்களின் இசைவு பெற்று, இத்துண்டங்களில் மழைக்காட்டு மரங்களை மீண்டும் வளர்க்கத் தொடங்கினர். அவர்கள் விதை எடுக்கும் இடம் குறிப்பிடத்தக்கது. காட்டுக்குள் உதிர்ந்ததைக் காட்டுக்கே விட்டுவிட்டு, சாலையோரம் உதிர்ந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கவிருக்கும் விதைகளைப் பொறுக்குகின்றனர். சதையை நீக்கி உடனே மண்ணில் இடுகின்றனர். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அந்நாற்றுப்பண்ணையில் வளர்கின்றன. நாற்றுகளைப் பைகளில் வளர்த்துத் தென்மேற்குப் பருவமழையில் நடுகின்றனர். ஓரிடத்தில் ஓரினம் அன்று, பல இனங்கள் கலந்து. தானே மீளட்டும் என்று விட்ட இடங்களைவிட, நட்டுக் காத்த இடங்கள் பழைய காட்டை நெருங்கி வருகின்றன என்று 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நெருங்கி வருகின்றன, அவ்வளவே. நூறாண்டு மரத்துக்கு நூறாண்டு வேண்டும்.

இவ்விடத்தில் தமிழாசிரியை என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கினார். ஏட்டில் அவற்றுள் சில பெயர்கள் உதிர்ந்து போயிருந்ததையும், தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்ததையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். அந்த நிகழ்ச்சியை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் அப்பட்டியலின் பூக்களுள் எத்தனையை நாம் மரத்தில் கண்டு அடையாளம் சொல்வோம்? ஏட்டில் பெயர் கிடைத்தது. காட்டில் மரம் கிடைக்காவிட்டால் உரையாசிரியரைத்தான் புரட்ட வேண்டும். அதற்கு மறுதலையாக, வெடிப்பலா என்னும் மரத்தை நான் நாற்பது வயதுக்குப் பிறகே அறிந்தேன். கனி முற்றி வெடிப்பதால் வந்த காரணப்பெயர். முள் செறிந்த அதன் கனியைக் கண்டவுடன் பெயர் விளங்கிவிட்டது. காடரும் தோட்டத் தொழிலாளரும் அன்றாடம் வழங்கும் சொல் அது.

இரண்டாம் முறை வால்பாறை சென்றபோது, அம்மாணவியும் என்னுடன் வந்தாள். மழை பிடித்த நாள்கள். நாற்றுப்பை நிரப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மையார், சாலையோரம் பொறுக்கியதில் இரண்டு வெடிப்பலா விதைகளை எங்கள் கையில் கொடுத்தார். பளபளவென்று, ஈரமாக, கனமாக இருந்தன. "வீட்டுக்குப் போனதும் மண்ணுல போட்டுருங்க டீச்சர், வெச்சிருக்காதீங்க" என்றார். வகுப்பில் காட்டலாமென்று என் விதையை மேசை மேல், பத்துப்பாட்டு நூலருகே வைத்தேன். தேர்வுப் பணி வந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது தோல் சுருங்கி, உள்ளே ஏதோ உருளும் ஒலி கேட்டது.

மாணவி தன் விதையை வால்பாறையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அம்மையார் அதைப் பையிலிட்டு, ஒரு தகட்டில் எண் எழுதிச் செருகியதை நானும் பார்த்தேன்.