லூமன்பிஎன்பி

லூமன்பிஎன்பி என்பது மின்சுற்றுப் பலகைகளில் நுண்ணிய மின்னணுப் பாகங்களை எடுத்து வைக்கும், மேசைமேல் அடங்கும் திறமூல எந்திரம். அமெரிக்கப் பொறியாளர் ஸ்டீபன் ஹாஸ் உருவாக்கியது; அவர் நிறுவிய ஓப்யூலோ நிறுவனம் தயாரிக்கிறது. வரைபடங்களும் மதர்போர்டு வடிவமைப்பும் பொதுவில் கிடைப்பதால், எவரும் இதைத் தாமே கட்டலாம், தேவைக்கேற்ப மாற்றலாம்.

அமைப்பு

சட்டகம் அலுமினியத்தால் ஆனது. இணைப்புப் பாகங்கள் பல முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கியவை. ஸ்டெப்பர் மோட்டார்களும் பல்வைத்த பெல்ட்டுகளும் எந்திரத் தலையை நகர்த்துகின்றன. தலையில் இரண்டு நாசில்களும் கீழ்நோக்கிய கேமராவும், தளத்தில் மேல்நோக்கிய கேமராவும் உண்டு. கட்டுப்பாட்டு மென்பொருள், ஜேசன் வான் நீடா தொடங்கிய ஓப்பன்பிஎன்பி.

இயங்கும் முறை

அச்சிட்ட பிளாஸ்டிக் பாகங்கள் கொண்ட எந்திரத்துக்குத் துல்லியம் வருவது கேமராக்களால்தான். 0603 அளவு ரெசிஸ்டர் ஒன்றின் நீளம் 1.6 மி.மீ., அகலம் 0.8 மி.மீ. பாகங்கள் அடுக்கிய நாடாவிலிருந்து நாசில் அதைக் காற்றால் உறிஞ்சித் தூக்கும்போது சற்றுக் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும். தலை அதை மேல்நோக்கிய கேமராவுக்கு நேரே ஒரு கணம் நிறுத்துகிறது. எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மென்பொருள் அளந்து, அதற்கேற்பத் திருத்தி இறக்கி வைக்கிறது. பலகை வைக்கப்பட்ட கோணத்தையும் அதிலுள்ள செப்புக் குறிப்புள்ளிகளைப் பார்த்து இவ்வாறே கணிக்கிறது.

பயன்பாடு

முதலில் ஸ்டென்சில் வழியே பலகைமேல் சால்டர் பேஸ்ட் இழுக்கப்படும். பாகங்களை எந்திரம் வைத்தபின் பலகை, சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்புக்குப் போகும். ஈயமில்லாப் பேஸ்ட்டான எஸ்ஏசி305 சுமார் 217 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை, சிறிது விலகிய பாகத்தையும் தன் இடத்துக்கு இழுத்துவிடும்.

வரம்புகள்

ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் நாடாவை நகர்த்தித் தரும் ஃபீடரின் இடம், உயரம், பொருந்தும் நாசில் ஆகியவற்றை முன்கூட்டியே பதிய வேண்டும். ஒரே ஒரு பலகைக்கு இடுக்கியும் கையுமே விரைவு. ஒரே பலகையைப் பத்து, நூறு என்று செய்யும்போது இந்த உழைப்பு பலன் தரும். வேகத்தில் மணிக்குப் பல்லாயிரம் பாகங்கள் வைக்கும் தொழிற்சாலை எந்திரங்களை இது எட்டாது. ஆனால் பெரிய தொழிற்சாலைகள் ஏற்கத் தயங்கும் சிறு எண்ணிக்கையை, பலகையை வடிவமைத்தவரே தம் மேசையில் செய்து முடிக்கலாம். ஒரு பிளாஸ்டிக் பாகம் உடைந்தால் புதிதாக அச்சிட்டுப் பொருத்திக்கொண்டு வேலையைத் தொடரலாம்.