கட்டை வந்த வழி

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுத்து வரும் கூட்டத்துக்கு முன்னால் நையாண்டி மேளம் போகும். நாயனக்காரரிடம் சுதி என்ன என்று கேட்டால் ‘கட்டை’க் கணக்கில்தான் சொல்வார். நாயனத்தில் ஏது கட்டை? அதில் இருப்பது துளை. கட்டை என்பது ஆர்மோனியப் பெட்டியின் சொத்து; வெள்ளை ஒன்று என்றால் அடுத்த கறுப்பு ஒன்றரை.

ஆர்மோனியம் என்ற பெயரின் வேர் லண்டனில் கிடக்கிறது. 1761இல் பெஞ்சமின் பிராங்க்ளின் சுழலும் கண்ணாடிக் கிண்ணங்களால் ஒரு வாத்தியம் செய்து, இசைவைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து ‘ஆர்மோனிகா’ என்று பெயர் வைத்தார். ஜெர்மானியர் அதைக் கண்ணாடியோடு சேர்த்து ‘கிளாஸ்ஹார்மோனிகா’ ஆக்கினார்கள். பிறகு, காற்றில் அதிரும் உலோக நாக்கு வந்து கண்ணாடி போனது. சொல்லின் பின்பாதி போகவில்லை. வாயால் ஊதினால் ‘முண்ட்ஹார்மோனிகா’, கையால் இழுத்து அமுக்கினால் ‘ஹாண்ட்ஹார்மோனிகா’. 1829இல் வியன்னாவில் டெமியன் காப்புரிமை வாங்கிய அக்கார்டியன் இந்த இரண்டாவது வகை. 1842இல் பாரிஸில் டெபேன், காலால் மிதிக்கும் பெரிய பெட்டிக்கு ‘ஹார்மோனியம்’ என்று பெயரிட்டார்.

காலால் மிதித்தது ஏன்? ஒரே நேரத்தில் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க ஐரோப்பியர்களுக்கு இரண்டு கையும் வேண்டும். நமக்கோ பாட்டு ஒற்றை வரியாகப் போவது. ஒரு கை போதும். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் மிதியை எடுத்துவிட்டு, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, சம்மணமிட்டு வாசிக்கத் தோதாகச் செய்தார். பெயரில் இருந்த இசைவு கழன்ற பிறகுதான் பெட்டி நம்முடையதானது என்பது என் கட்சி.

தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது நாடகம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், விடிய விடியப் பாடுகிற ராஜபார்ட்டுக்குச் சுதி கொடுத்துப் பின்பாட்டும் பாடியவர் ஆர்மோனியக்காரர்.

1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. சுரத்தை அசைக்கும் கமகம் வராது, அந்நியச் சரக்கு என்பது குற்றச்சாட்டு. கமகம் வராதது உண்மைதான். ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர்விட்டார். மேடையில் சுதந்திரப் பாட்டுப் பாடி பலமுறை சிறை போனவர். வெள்ளைக்கார அரசின் வானொலி அந்நியம் என்று ஒதுக்கிய பெட்டிதான் அந்த நாடக மேடைகளின் பக்கவாத்தியம்.

தடை தளரத் தொடங்கியது 1971இல். கோயில் கொடைகளுக்கு நாடகம் போட்டவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை.