படித்த பன்றியும் பாடம் சொன்னவர்களும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பாடம் ஏறாத பிள்ளையைத் திட்ட நம் ஊரில் சட்டென்று வாயில் வரும் சொல் "பன்னி". மந்தம், அழுக்கு, சொன்னால் கேட்காத குணம் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் பன்றியைப் பழக்கியவர்களின் வரலாற்றைப் படித்தால் அந்த வசவு நாக்கில் நிற்காது.

ஸ்காட்லாந்தில் பிறந்த சாமுவேல் பிசெட் செருப்புத் தைக்கும் தொழிலில் இருந்தவர். பிறகு விலங்குகளைப் பழக்கிக் காட்சி நடத்தினார். கடைசியாக ஒரு பன்றியைப் பழக்கி, 1783இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் மக்கள் முன் நிறுத்தினார். அதைக் கொண்டு லண்டன் போகும் வழியிலேயே இறந்துபோனார். பின்னர் நிக்கல்சன் என்பவர் 1785இல் அதே பன்றியை லண்டனில் காட்டினார். தரையில் பரப்பிய அட்டைகளை வாயால் கவ்வி எடுத்து அது பெயர்களுக்கு எழுத்துக் கூட்டியது, கணக்குக்கு விடை சொன்னது. ஊரே திரண்டு பார்த்தது.

இந்தப் பன்றியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் ஒருவர் டாக்டர் சாமுவேல் ஜான்சன். 1755இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டவர், இளமையில் பள்ளிக்கூடம் நடத்தியவர். பன்றிகள் மீது வீண்பழி சுமத்தியிருக்கிறோம் என்பது அவர் கருத்து. ஒரு வயதிலேயே வெட்டிவிடுகிறோம், அது படிக்க நாம் எங்கே அவகாசம் கொடுத்தோம் என்ற பொருளில் பேசியதாக அவருடைய வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அவகாசம் கொடுக்காமல் மந்தம் என்று முத்திரை குத்துவது பன்றியோடு நிற்பதில்லை என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

எப்படிப் பழக்கினார்கள்? அமெரிக்காவில் பன்றிக் காட்சி நடத்திய பின்ச்பெக் 1805இல் ஒரு நூலில் இரகசியத்தை உடைத்தார். இளங்குட்டியாக எடுத்து வீட்டுக்குள் நடமாட விட வேண்டும். நம்மோடு நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகுதான் அட்டையைக் கவ்வக் கற்றுத்தர வேண்டும். சரியான அட்டை அருகே வரும்போது மூக்கை மெல்ல உறிஞ்சினால் அதுவே சைகை. நாளடைவில் அந்தச் சைகையும் தேவைப்படாது. நம் அசைவைப் பார்த்தே பன்றி புரிந்துகொள்ளும். அதாவது பன்றி கணக்கைப் படிக்கவில்லை, ஆளைப் படித்தது. ஜெர்மனியில் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரையும் இப்படித்தான் கேட்பவரின் உடல் அசைவைக் கவனித்து விடை சொன்னது என்று 1907இல் உளவியலாளர் ஃபுங்ஸ்ட் நிரூபித்தார்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியல் பாடத்தில் ஸ்கின்னரைப் படித்தோம். சரியாகச் செய்தால் உடனே பரிசு, அந்தச் செயல் நிலைக்கும். அவரிடம் படித்த கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதியர் இந்த முறையில் பல பன்றிகளைப் பழக்கினார்கள். மரத்தால் செய்த பெரிய காசுகளை எடுத்துப்போய் உண்டியலில் போட ஒரு பன்றிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் ஆசை ஆசையாகப் போட்டது. சில வாரங்களில் வழியிலேயே காசைக் கீழே போட்டு, மூக்கால் முட்டி, தூக்கி எறிந்து விளையாடத் தொடங்கியது. இரை கிடைக்கத் தாமதமாகும் என்றாலும் நிறுத்தவில்லை. மண்ணைக் கிளறுவது அதன் பிறவிக் குணம். பரிசு முறைக்கும் எல்லை உண்டு என்று 1961இல் இருவரும் கட்டுரையாகவே எழுதினார்கள்.

1980களின் நடுவில் வியட்நாம் குட்டை இனப் பன்றிகள் கனடா வழியாக அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தன. கைக்குள் அடங்கும் குட்டி என்று ஆசையாக வாங்கினார்கள். அதுவோ வளர்ந்து ஐம்பது கிலோவைத் தாண்டியது. பலர் கைவிட்டார்கள், காப்பகங்கள் நிரம்பின. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது குட்டி வாங்க நினைத்தால் இதை முதலில் யோசியுங்கள்.

வாங்கியே தீருவோம் என்றால், தூக்கிக் கொஞ்சாதீர்கள். தரையை விட்டுக் கால் எழும்பினால் வேட்டை விலங்கிடம் சிக்கியதுபோல் அது அலறும். நீங்கள் தரையில் உட்காருங்கள், அது தானாக வரட்டும். பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. தனியாக அடைத்தால் முரடாகும். புதிய மனிதர்களைச் சிறு வயதிலேயே பழக்குங்கள். முட்டித் தள்ளினால் தின்பண்டம் கொடுக்காதீர்கள், பொறுத்து நின்றால் கொடுங்கள். கிளறுவதற்கு மண்ணுள்ள ஓர் இடம் ஒதுக்குங்கள். அழுக்கு என்று அருவருக்க வேண்டாம். வியர்த்து உடம்பைக் குளிர்விக்க அதனால் முடியாது, அதனால்தான் சேற்றில் புரள்கிறது. இடம் இருந்தால் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாது.

பின்ச்பெக் முதலில் அட்டையை நீட்டவில்லை. குட்டி பயமில்லாமல் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தார். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், எல்லோருமே பெற்றோர்கள். ஜூன் மாதம் முதல் வகுப்பில் அழுதுகொண்டே உட்காரும் குழந்தைக்கும் அந்தச் சில நாட்களைக் கொடுங்கள். அரிச்சுவடி எங்கும் ஓடிவிடாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்