நாக்கின் நியதி: ஈடன் குடாவின் வரலாறு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தென்கோடியில், டூஃபோல்ட் குடாவை ஒட்டிய ஈடன் என்னும் சிற்றூருக்கு, திமிங்கலங்கள் குட்டிகளுடன் தென்துருவக் கடல் நோக்கித் திரும்பும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, அவற்றைப் படகேறிக் காண்பதற்கென்றே பயணிகள் வருகின்றனர். அதே குடாவில்தான் 1828 முதல் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் திமிங்கலங்கள் எண்ணெய்க்காகக் கொல்லப்பட்டன.

அவ்வேட்டையில் மனிதருக்குக் கூட்டாளியாக இருந்தவை, டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரிய உயிரினமான ஓர்காக்கள். பெருந்திமிங்கலத்தைக் குடாவுக்குள் மடக்கிய பின், கரையோரம் வந்து வாலால் நீரை அறைந்து அவை ஆட்களை அழைத்தன. துடுப்புப் படகுகளில் விரைந்து சென்றோர் ஈட்டியெறிந்து கொன்ற உடலை நங்கூரமிட்டு நிறுத்தினர். ஓர்காக்கள் நாக்கையும் உதடுகளையும் தின்றுவிட்டு விலகின. ஓரிரு நாளில் உள்ளே வாயு சேர்ந்து உடல் மிதந்ததும், அதைக் கையா கழிமுகத்துக் கொப்பரைகளுக்கு இழுத்துச் சென்று கொழுப்பை உருக்கினர். இப்பங்கீட்டுக்கே 'நாக்கின் நியதி' என்று பெயர்.

இதன் பெருமை மூன்று தலைமுறை வேட்டை நடத்திய டேவிட்சன் குடும்பத்துக்கே பெரும்பாலும் தரப்படுகிறது. அது பாதி உண்மைதான். படகுகளில் துடுப்பு வலித்தவர்களுள் பலர் அம்மண்ணின் தொல்குடியினரான தாவா மக்கள். ஓர்காக்களை மறுபிறவி எடுத்த மூதாதையராகக் கருதிய அவர்களன்றி இவ்வுறவு உருவாகியிருக்குமா என்பது ஐயமே. 'ஓல்டு டாம்' எனப்பட்ட ஓர்கா 1930 செப்டம்பரில் இறந்தது. அதன் எலும்புக்கூடு ஈடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. தேய்ந்துபோன அதன் பற்கள், வேட்டைப் படகின் கயிற்றைக் கவ்வி இழுத்ததன் தடம் என்பர் ஊரார்.

குடாவின் தென்முனையில் மணற்கல்லால் எழும்பி நிற்கும் கோபுரம், 1840களில் பெஞ்சமின் பாய்டு என்னும் வணிகர் கலங்கரை விளக்கமாகக் கட்டத் தொடங்கியது. விளக்கு ஏற்றப்படாமலே, திமிங்கலம் பார்க்கும் காவல்மேடையாகப் பயன்பட்டது. அங்கிருந்து, 1883இல் முதன்முதலாக ஒளிர்ந்த கிரீன் கேப் கலங்கரை விளக்கம்வரை செல்லும் சுமார் 30 கிலோமீட்டர் கடலோர நடைபாதை இன்று நடைப்பயணிகளை ஈர்க்கிறது. பசிபிக் தீவு மக்களைக் கொண்டுவந்து குறைகூலிக்கு வேலைவாங்கிய அந்த வணிகரின் பெயரையே அவ்வழி அமைந்த தேசியப் பூங்கா நெடுங்காலம் தாங்கியிருந்தது. 2022இல் அதற்குப் 'பியோவா' எனப் பெயர் மாற்றப்பட்டது. தாவா மொழியில் அச்சொல்லுக்கு ஓர்கா என்று பொருள்.