மாயர் கலங்களில் கொக்கோ

திருநாட்களில் நம் சிறார் விரும்பி உண்ணும் சாக்லேட், தான் தோன்றிய நிலத்தில் பெரும்பாலும் பானமாகவே விளங்கிற்று. தென் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பண்டு சிறந்து வாழ்ந்த மாயர், கொக்கோ விதையை வறுத்து அரைத்து நீரிற் கலந்து, சிற்சில வேளை மிளகாயும் கூட்டிப் பருகினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கக்காவ்’.

அப்பானத்தின் சிறப்பு நுரையில் இருந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் 8-ஆம் நூற்றாண்டை ஒட்டிய மாயர் குவளை ஒன்று உள்ளது. அதில் ஒரு பெண் நின்றவாறே, உயர்த்திப் பிடித்த கலத்திலிருந்து கீழுள்ள கலத்தில் பானத்தை ஊற்றுகிறாள். டவராவில் காப்பி ஆற்றும் நம் இல்லத்தரசியருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை!

மாயர்க்கு இம்மரம் உயிரோடு ஒன்றியது. கி.பி. 683-இல் மறைந்த பாலெங்கே வேந்தர் பக்காலின் கற்பேழை 1952-இல் திறக்கப்பட்டது. அதன் பக்கங்களில் அவர் முன்னோர் கனிமரங்களோடு நிலத்தினின்று முளைத்தெழக் காண்கிறோம். அவர் அன்னை எழுவது கொக்கோ மரத்தோடு.

இத்தகைய மக்களின் ஏடுகளை 1562-இல், மானி என்னும் ஊரில், தியேகோ தெ லாந்தா என்னும் ஸ்பானியப் பாதிரியார் தீயிலிட்டார். இன்று எஞ்சியவை நான்கே. படித்தபோது நம் நெஞ்சம் பதைத்தது. ஆயினும் அவரே பின்னர்த் தம் நூலொன்றில் மாயர் எழுத்துக்கள் சிலவற்றை ஒலியோடு குறித்து வைத்தார். அக்குறிப்பைப் பற்றுக்கோடாகக் கொண்டே, 1952-இல் ரஷ்ய அறிஞர் யூரி க்னோரசவ் அவ்வெழுத்துக்களைப் படிக்கும் வழியைக் காட்டினார். எரித்த கையே திறவுகோலையும் விட்டுச் சென்றது என்னே விந்தை!

ஏடுகள் எரிந்தன, மண்ணுள் கிடந்த மட்கலங்கள் எரியவில்லை. அவற்றில் மீன் உருவம் ‘க’ என்னும் ஒலியைக் குறிக்கும். அருகே இரு புள்ளி இட்டால் அவ்வொலியை இருமுறை கூற வேண்டும். ‘வ’ சேர, ‘கக்காவ்’ ஆயிற்று.

1984-இல் குவாத்தமாலாவின் ரியோ அசூல் என்னுமிடத்தில், 5-ஆம் நூற்றாண்டுக் கல்லறையொன்றில், திருகி மூடும் மூடியுடைய கலம் கிடைத்தது. அதன்மேல் அவ்வெழுத்துக்களை டேவிட் ஸ்டூவர்ட் என்னும் இளம் அறிஞர் படித்தார். பார்சல் சீட்டுக்களிடையே நாளைக் கழிக்கும் நமக்கு, உள்ளிருக்கும் பொருளை வெளியே எழுதிய அக்கலத்தின்பால் தனி அன்பே பிறந்தது. சீட்டு ஒன்றும் சரக்கு ஒன்றுமாய் வருவதை நாம் அறியாதவரல்லவே! கலத்தினுள் ஒட்டியிருந்த கறையை ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தார் சோதித்தனர். பதினைந்து நூற்றாண்டு கழிந்தும், எழுதியிருந்த சரக்கே உள்ளே இருந்தது.